நிமிடத்துக்கு நூற்று நான்கு

மூன்றாவது பாட்டும் பிடிக்கவில்லையாம். படுக்கையறை வாசலில் நின்றுகொண்டு முகத்தைச் சுளித்தார் என் வீட்டுக்காரர்.

நான் கூடத்து மேஜையில் டி.ஜே. பெட்டியை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். ஹெட்ஃபோனுக்கு ஒரு காது, இவருக்கு ஒரு காது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா என்று யாராவது கேட்டால், சத்தியமாகத் தேவையில்லை.

நான் தையல்காரி. எனக்குத் தெரிந்த மிஷினுக்குச் சக்கரம் ஒன்றுதான். இதற்கு இரண்டு. இடது சக்கரத்தில் ஒரு பாட்டு ஓடும்போதே வலதில் அடுத்ததை ஏற்றி, இரண்டின் வேகத்தையும் சரிக்கட்டி, நடுவில் இருக்கும் குமிழை மெல்லத் தள்ள வேண்டும். ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் போய்விடும். நடுவில் இடைவெளியே தெரியக் கூடாது.

தெரிந்தால் இவர் நின்றுவிடுவார்.

நடுக்குவாதம் வந்து நாலு வருடம். கை நடுங்குவதுகூடப் பரவாயில்லை. நடக்கும்போது கால் திடீரென்று தரையில் ஒட்டிக்கொள்கிறது. இழுத்தால் விழுகிறார். தாளம் கேட்டால் மட்டும் கால் எழும்புகிறது என்று கண்டுபிடித்தது, சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருகிற பிசியோ பெண்.

டக் டக் என்று அடிக்கிற மெட்ரோனோம் வைத்துப் பார்த்தோம். நான் என்ன கடிகார முள்ளா என்றார். போனில் பாட்டு வைத்தோம். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிற அந்த அரை மூச்சு நேரத்தில் கால் ஒட்டிக்கொண்டது. கடைசியில், விருந்துகளுக்குப் பாட்டுப் போடப் போகிற எங்கள் மாப்பிள்ளை தன் பழைய பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். நிமிடத்துக்கு நூற்று நான்கு தட்டு. இவர் கால் அதற்குத்தான் கட்டுப்படுகிறது.

சின்க் பொத்தானை அழுத்துங்கள் அத்தை, இரண்டு பாட்டின் தாளமும் தானாகச் சேர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை போய்விட்டார். எங்கே சேர்ந்தது? இவர் கேட்பதெல்லாம் பழைய பாட்டு. அதில் தபலா வாசித்தவர் மனிதர். சரணத்தில் குஷி வந்தால் அவர் பாட்டுக்கு ஓடுகிறார். பின்னாலேயே நான் ஓட வேண்டியிருக்கிறது.

புதுப் பாட்டென்றால் தாளம் பிசகாது. ஐயாவுக்கு ஆகாது. முப்பது வருடம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடையை மூடினார், காதை மூடவில்லை. வேகத்தைக் கூட்டினால், பாடுகிறவரை யார் துரத்துகிறார்கள் என்பார். குறைத்தால், தூக்க மாத்திரை போட்டிருக்கிறாரா என்பார். தாளமே இல்லாத வயலின் முன்னிசையை வெட்டிவிட்டுப் பல்லவியிலிருந்து போட்டால், பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று ஒரு மணி நேரம் பேசமாட்டார். இந்த அழகில் தைக்க வந்த துணியெல்லாம் மூலையில் மூட்டையாகக் கிடக்கிறது.

அன்றைக்கு விளையாட்டில்லை. யாரும் பிடிக்காமல் படுக்கையறையிலிருந்து தெருவாசல்வரை நடந்து காட்ட வேண்டும். முடியவில்லை என்றால் சக்கர நாற்காலிக்கு எழுதிவிடுவேன், இனியும் விழவிட முடியாது என்று பிசியோ பெண் போன வாரமே சொல்லியிருந்தாள். நாற்காலி உள்ளே வந்தால் நான் கட்டிலை விட்டே இறங்க மாட்டேன் என்று இவர் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற ஆள். அந்தப் பயத்தில் எனக்கு மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை.

நான்காவது பாட்டுக்கு ஒருவழியாகக் கிளம்பினார். பிசியோ பெண் கையில் தாளோடு தெருவாசலில் நின்றாள்.

இடைவழியில் இருந்த பீரோவைத் தாண்டினார். சுவரோரம் இருந்த அலமாரியைத் தாண்டினார்.

கூடத்துக்குள் நுழைகிற கதவு நிலை வந்தது. குறுகலான இடம்தான் இவருக்குக் கண்டம். அங்கே வந்து, அந்த நேரம் பார்த்து, இந்தப் பாட்டு வேண்டாம், மாற்று என்று கையை ஆட்டுகிறார் மனுஷன்.

வந்த எரிச்சலில் அடுத்த பாட்டை வலது சக்கரத்தில் ஏற்றுவதற்குப் பதிலாக, ஓடிக்கொண்டிருந்த இடதிலேயே ஏற்றிவிட்டேன்.

பாட்டு நின்றுவிட்டது.

இவர் காலும் ஒட்டிக்கொண்டது. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டார். பிசியோ பெண் பேனா மூடியைத் திறந்தாள்.

எந்தப் பொத்தான் என்று தேடுகிறேன், கண்ணில் தண்ணீர் முட்டி ஒன்றும் தெரியவில்லை. வாய் மட்டும் வேலை செய்தது. முதலில் பெட்டியைத் திட்டினேன். அடுத்து மாப்பிள்ளையை. அப்புறம் நேராக இவரிடம் வந்தேன்.

"பாட்டு போட்டா நொட்டை, காபி குடுத்தா நொட்டை, சட்டை தைச்சா நொட்டை, சிரிச்சா நொட்டை, அழுதா நொட்டை, உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்னத்தைக் கண்டேன்..."

நிறுத்தாமல் ஓட்டினேன். பிசியோ பெண் இருக்கிறாளே என்றுகூடப் பார்க்கவில்லை. மாமியாரையும் இழுத்தேன், நாத்தனாரையும் இழுத்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது நிலையில் இவர் கையைக் காணோம். கூடத்தின் பாதிக்கு வந்திருந்தார். நான் திட்டத் திட்ட, அந்தத் தாளத்துக்கு வலது, இடது, வலது என்று கால் தூக்கி வைத்து வந்துகொண்டிருந்தார்.

எனக்கு வாயடைத்துப்போயிற்று.

இவரும் நின்றுவிட்டார். பிசியோ பெண் எழுதாமல் என்னையே பார்த்தாள். வாசலுக்கு இன்னும் ஒன்பது அடி இருந்தது.

"ஏன் நிறுத்திட்ட? திட்டு," என்றார் இவர், என் பக்கம் திரும்பாமலே.

கல்யாணமான முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தேன்.