எதிர்ப்பக்கம் போன காம்பு

"இதே கலர்ல வேணும் ஆன்ட்டி. கொஞ்சங்கூட மாறக் கூடாது."

மணப்பெண் ஒரு பழந்துணிப் பொட்டலத்தை மேசைமேல் அவிழ்த்தாள். உள்ளே காய்ந்து சருகான ஒரு பூச்செண்டு. பால் கூடிப்போன டீயின் நிறம், மணல் நிறம், ஓரங்களில் துருப்பிடித்த பழுப்பு. மூச்சு பட்டாலே உதிர்ந்துவிடும் போலிருந்தது.

அம்மாவின் கல்யாணப் பூச்செண்டாம். முகம்கூட மனதில் நிற்காத வயதில் அம்மா போய்விட்டாளாம். அப்பாவின் அலமாரியில், மேல்தட்டுக் கம்பளிக்கு அடியில் கிடைத்ததாம். கேட்டதற்கு அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லையாம். அம்மா பேச்சை எடுத்தாலே அவர் ஊமைதான், அவளுக்குத் தெரியாதா.

கட்டிக்கொள்ளப் போகிறவன் இதைப் பார்த்துவிட்டு, நாளைக்குத் துடைப்பத்தோடா வந்து நிற்கப் போகிறாய் என்று கேட்டானாம். அதையும் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வாய் ஓயாத பெண்.

பூக்கடைக்காரி சிரிக்கவில்லை. அவள் காம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையில் பிடித்துக் கட்டும் செண்டுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு காம்பையும் முந்தினதின் மேல் சாய்த்து, ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். அப்படிக் கட்டினால்தான் செண்டு தன் காலிலேயே நிற்கும்.

இதில் ஒரே ஒரு காம்பு மட்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தது. கட்டி முடித்த பிறகு, மனசு கேளாமல் செருகிய காம்பு.

செண்டின் இடுப்பில் நீலத் தையல் நூல். அன்றைக்கு வீட்டில் வேறு நூல் கிடைக்கவில்லை.

தன் கைமுடிச்சு தனக்குத் தெரியாதா. தங்கையின் கல்யாணத்துக்கு அவள் கட்டியது இது. நடக்காமல் போன கல்யாணம்.

டீ நிறமாவது மணல் நிறமாவது. அன்றைக்கு அத்தனையும் சிவப்பு ரோஜா. கண்ணைப் பறிக்கிற சிவப்பு.

தங்கைக்கு நிச்சயித்திருந்தவன் பிறகு வேறெங்கோ கல்யாணம் செய்துகொண்டதாகக் காதில் விழுந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் மூக்கு அப்படியே அவனுடைய மூக்கு.

ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனிவரை வந்து உட்கார்ந்திருந்தது.

பூக்கடைக்காரி பூ வாளிகளை இழுத்துக்கொண்டு கட்ட ஆரம்பித்தாள். மங்கிய கிரீம் ரோஜா, பழுப்பேறிய கார்னேஷன், காய்ந்த புல்கதிர். ஒவ்வொன்றையும் சருகுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். செத்த சிவப்புக்கு ஈடாக உயிருள்ள பூவைத் தேடுகிற வேலை.

பெண் குனிந்து பார்த்தாள். "இந்தக் காம்பு மட்டும் கோணலா இருக்கு பாருங்க. அம்மாவுக்குக் கட்டினவங்க அரைகுறை போல."

"அவசரமா இருந்திருக்கும், கண்ணு."

முடிச்சுப் போட்டு, காம்புகளைச் சமமாக நறுக்கி, மேசைமேல் வைத்தாள். ஆடாமல் நின்றது.

ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நிறுத்தி வை என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பழையதைத் துணியோடு தன் பக்கம் நகர்த்தினாள்.

"இதை எங்கிட்டயே விட்டுட்டுப் போறியா?"

பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அதை மட்டும் கேக்காதீங்க ஆன்ட்டி. அம்மாவோடதுன்னு எங்கிட்ட இருக்கறதே இது ஒண்ணுதான்."

நாக்கு நுனியில் இருந்ததைப் பூக்கடைக்காரி விழுங்கினாள். மெல்லிய தாளை எடுத்து, ஒரு இதழும் உதிராமல் சுற்றி, அவள் கையில் கொடுத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. மேசையில் பழையதிலிருந்து இற்று விழுந்த ஒரு துண்டு நீல நூல் மட்டும் கிடந்தது.

அந்தக் கடைசி ரோஜாவை அவள் செருகியது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான். தங்கையின் விரல்களை மடித்துச் செண்டைப் பிடிக்க வைத்ததும் அவள்தான்.

பெட்டியை மூடுவதற்கு முன்னால், தங்கைக்கு நிச்சயித்திருந்தவன் வந்து குனிந்தான். வெகுநேரம் நிமிரவேயில்லை. பாவம், விடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளும்தான்.

தங்கை அந்தப் பூவோடுதான் படுத்திருக்கிறாள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.