சனிக்கிழமைப் பழுது

“றெக்சன், நீரே முடிவைச் சொல்லும். கம்பியூட்டரில விண்டோஸை மாத்துவமா, விடுவமா?”

அரிப்பு ஊர்க் கோவிலின் கந்தோர் அறையில் ஃபாதர் அம்புறோஸ் இப்படிக் கேட்டதும் நான் றெக்சனின் வாயையே பார்த்தேன்.

நான் டிலோஜினி. ஞாயிறு அறிவித்தல்களை அடித்துக் கொடுக்கிறவள். இன்னார் இன்னாரைக் கட்டப்போகிறார் என்ற கல்யாண ஓலையை நான் அடித்தால்தான் ஞாயிறு பூசையில் வாசிக்கலாம். ஆனால் சனிக்கிழமை பின்னேரமானால் போதும், இந்தப் பழைய கம்பியூட்டரின் திரை கறுத்துவிடும். அதைத் திருத்த நறுவிலிக்குளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் றெக்சன் வருவார்.

பெட்டியைக் கழற்றி, உப்புத் தூசியை ஊதி, நான் கொடுக்கும் பால் விடாத பிளேன்ரீயை மெல்ல மெல்லக் குடித்து, ஒரு மணித்தியாலத்தில் சரிக்கட்டிவிட்டுப் போவார். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் கடத்துகிறேன். முப்பத்தாறு வயதில் இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்!

பழைய விண்டோஸால்தான் இத்தனை பழுதும் என்பது ஃபாதரின் எண்ணம். புதுசு போட்டால் அந்த மனுசனை அலைக்கழிக்கத் தேவையில்லையாம். நல்ல மனம்தான். அதை என்னிடமா காட்ட வேண்டும்?

இரண்டு வருடமாக றெக்சன்தான் தடுத்து வந்தார். புதுசு போட்டால் நான் தமிழ் அடிக்கிற பாமினி எழுத்து வேலை செய்யாது, பழைய ஓலையெல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரியும் என்பார். ஃபாதர் பயந்துவிடுவார். சுத்தப் பொய். என் தங்கை சுபாஜினி புது விண்டோஸில் பாமினியில்தான் அடிக்கிறாள். அந்தப் பொய்க்காகவே அவரை எனக்கு இன்னும் பிடித்தது.

இன்றும் அதையே சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

“மாத்துவம் ஃபாதர். பாமினி நல்லா வேலை செய்யும்.”

என் பக்கம் திரும்பவேயில்லை, பாவி!

ஃபாதர் சந்தோசமாகப் பாவசங்கீர்த்தனம் கேட்கக் கோவிலுக்குப் போனார். அங்கே போய்ச் சொல்ல எனக்கும் ஒரு பாவம் இருந்தது. 

றெக்சன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் கந்தோரில் கொடுக்கிற ஓலைப் படிவம்தான். மாப்பிள்ளை என்ற இடத்தில் அவருடைய பெயர். பொம்பிளை என்ற இடம் வெறுமையாக இருந்தது.

“ஓம் எண்டால் நிரப்புங்கோ. இல்லாட்டிக் கிழிச்சுப் போடுங்கோ.”

பேனையைத் தேடினேன்.

அதற்குள் அவர் மேசைக்கடியில் குனிந்து, பெட்டிக்குப் பின்னால் தொங்கிய வயரை எடுத்துச் செருகினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் வெளிச்சம் வந்தது.

“இனிமேல் சனிக்கிழமைகளில இதைக் கழட்டி விடாதேங்கோ, டிலோ. நான் சும்மாவே வருவன்.”