வேதவல்லி இளைத்த கதை

கோயில் யானை வேதவல்லிக்கு ஒரே கவலை. கொழுப்பு குறையாவிட்டால் இந்தத் திருவிழாவுக்குச் சாமி சுமக்க வேறு யானைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தீனியைக் கொஞ்சம் குறைக்கணும், தினமும் நிதானமாக நடக்கணும், அவ்வளவுதான் வைத்தியம்.

நிதானமாக நடந்தால் அதற்குள் திருவிழா வந்துவிடுமே! வேதவல்லி குளத்தைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் போனாள். கால் தீயாய் எரிந்தது.

"எரியுது, ஏ கொக்கே! கொழுப்பெல்லாம் கருகுது!" என்றாள், முதுகில் சவாரி வந்த கொக்கிடம்.

"எரியிறது உன் காலு அக்கா. கொழுப்பு இங்கே எனக்கடியில மெத்தையாட்டம் தூங்குது."

"கீழே பத்துன தீ மேல ஏறாமலா போகும்? பூச்சி பொறுக்குற உனக்கு என்ன தெரியும்?"

ஆனாலும் பயம் விடவில்லை. ஓலையை ஒதுக்கினாள். பாகன் ஊட்டிய கவளத்தைத் துப்பினாள். வெறும் வயிற்றோடு இன்னும் வேகமாக ஓடினாள்.

எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால், எடை நன்றாகவே குறைந்திருந்தது! பாகன் துண்டைச் சுழற்றி ஆடினான். கொக்கு மட்டும் முதுகை மிதித்துப் பார்த்து, "மெத்தை அப்படியேதான் கிடக்கு அக்கா. உன் தொடையைத்தான் காணோம்" என்றது.

"உன் வாயைக் கழுவு!" என்று வேதவல்லி அதை விரட்டிவிட்டாள்.

திருவிழாவன்று சாமியை ஏற்ற மண்டி போட்டாள். "எப்படி இளைச்சுட்டா பாரு!" என்று ஜனங்கள் வாய்பிளந்தார்கள். சாமி ஏறியாச்சு, குடை விரிச்சாச்சு, மேளமும் தொடங்கியாச்சு.

"எந்திரி தாயி" என்று பாகன் தட்டினான். திரும்பவும் தட்டினான்.

மதில்மேல் இருந்த கொக்கைப் பார்த்து வேதவல்லி மெல்ல முனகினாள்: "எந்திரிக்கத்தானே பார்க்கிறேன்."