பாசி பரவும் விதம்

“கடல் தொட்டியில வர்ற பாசியைக் கையால பிய்ச்சா என்ன ஆகும்ண்ணா?”

வண்ண மீன் கடைக்காரர் கையிலிருந்த வலையை வாளிக்குள் வீசினார்.

“பிய்ச்சுட்டீங்களா? ஏம்மா, தொட்டிக்குள்ள கையை விட்டுப் பிய்க்க அது என்ன கீரைப் பாத்தியா?”

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள்.

“எந்தப் பாசி? இறகு இறகா, பச்சைப்பசேல்னு, கல்லு மேல கொடி மாதிரி ஓடுமே, அதுவா?”

“அதைப் பத்தித்தான் கேக்க வந்தேன்.”

“போச்சு! எல்லாம் போச்சு! அதைப் பிய்ச்சா ஒண்ணு பத்தாகும். பிஞ்ச துண்டு எங்க போய் ஒதுங்குதோ அங்க வேர் விடும். ஒரு நாளைக்கு ஒரு அங்குலம் ஓடும். பவளக் கோரல் மேல ஏறி, வெளிச்சமே படாம மூடி, அப்படியே கொன்னுடும். யார் வீட்டுத் தொட்டி?”

“சர்வேயர் வீடு. அவர் என் வீட்டுக்காரர். ஆறடித் தொட்டி.”

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“அவர் தொட்டியா! அந்த மனுஷன் விரல் அளவு கோரல் வாங்க மூணு நாள் வருவாரு. பூதக்கண்ணாடி வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுத்தான் காசை எடுப்பாரு. பதினோரு வருஷமாப் புள்ளை மாதிரி வளர்க்கிறாரு. அவர் எங்க?”

“ஊர்ல இல்லை. கடல் மீன் கண்காட்சி பாக்கப் போயிருக்காரு. அது முடிஞ்சு ஏதோ தீவுல போய் முங்கிப் பாக்கிறாராம். வர இன்னும் இருபது நாள் ஆகும்.”

“இருபது நாளா? அதுக்குள்ள ஒரு கோரல் மிஞ்சாது. வந்து பாத்தா உடைஞ்சு போயிடுவாரு. ஏம்மா, நம்பி விட்டுட்டுப் போனா இப்படித்தான் பாத்துக்கிறதா? உங்களுக்குக் கொஞ்சமாவது அக்கறை இருக்கா?”

அவள் முகம் சிவந்தது.

“அக்கறையா? எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகுது. மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறக்கிறேன், பக்கத்துல உட்கார்ந்திருக்காரு. என்ன கேட்டார் தெரியுமா? ‘உன்னால ஸ்டூல்ல ஏறி மீனுக்குத் தீனி போட முடியுமா?’ வீட்டுக்கு வந்த மறுநாளே பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு. நாலு பக்கம் எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்காரு. உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்த மீனு எந்தப் பொந்துல தூங்கும், எல்லாம் இருக்கு. எனக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்குனு ஒரு வரி இல்லை.”

கடைக்காரர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் விடவில்லை.

“கஷ்டம்தான், இல்லைனு சொல்லலை. அதுக்காகத் தொட்டியை விட்டுடலாமா? வாயில்லா ஜீவன்மா.”

“எனக்கு வாய் இருக்கு. என்ன பிரயோஜனம்?”

கடைக்காரர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“சரி, எழுதிக்குங்க.”

“என்னென்ன செய்யக் கூடாதுனு முதல்ல சொல்லுங்க. ஒண்ணு விடாம.”

“நல்ல கேள்வி. கூடாததைச் செஞ்சுதான் எல்லாரும் கெடுத்துக்கிறாங்க. தீனியை அள்ளிப் போடாதீங்க. மிஞ்சினது அழுகினா பாசிக்குக் கொண்டாட்டம். விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல எரிய விடாதீங்க. தண்ணி மாத்துறதைத் தள்ளிப் போடாதீங்க. கத்தரிக்கோல் அந்தப் பக்கமே போகக் கூடாது. வேரோட கல்லை வெளிய எடுத்துத்தான் சுரண்டணும்.”

“தீனி எவ்வளவுக்கு மேல போனா அதிகம்?”

“ரெண்டு சிட்டிகை. அதுக்கு மேல ஒரு துளி கூடாது.”

அவள் ஒவ்வொன்றையும் குண்டு குண்டான எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுந்தியது.

“ரொம்பத் திட்டிட்டேன், மனசுல வச்சுக்காதம்மா,” என்றார் கடைக்காரர். “என் சொந்தத் தொட்டியே இந்தச் சனியனாலதான் போச்சு. அந்த ஆத்திரம்தான். உன்மேல தப்பு இல்லை. புதுக் கல்லுல கண்ணுக்குத் தெரியாம ஒட்டிட்டு வந்திருக்கும். எப்படி வந்துச்சுனு அந்தச் சர்வேயராலேயே கண்டுபிடிக்க முடியாது.”

அவள் நோட்டை மூடினாள்.

“இவ்வளவு அநியாயம் பண்றதை ஒரு தடவை நல்லாப் பாக்கணும்ண்ணா.”

அவர் உள்ளறைக்குப் போய் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்தார். வெளிச்சத்தில் பச்சை இறகுகள் அசைந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“புதுசா தொட்டி வைக்க வர்றவங்களைப் பயமுறுத்தத்தான் இதை வச்சிருக்கேன்.”

“ஒரு துண்டு கொடுங்க. எடுத்துட்டுப் போறேன்.”

“யாருக்கும் கொடுக்கிறதில்லை...” என்று இழுத்தவர், அவளுடைய வெளுத்த முகத்தைப் பார்த்தார். “சரி, உன் தொட்டியிலதான் ஏற்கனவே படர்ந்து கிடக்கே. இனிமே இதால புதுசா என்ன கெடப் போகுது?”

ஒரு கொடியை இடுக்கியால் எடுத்து, உப்புத் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குப் போய்த் தொட்டி விளக்கைப் போட்டாள். ஊதாவும் ஆரஞ்சுமாகப் பவளங்கள் விரிந்திருந்தன. அந்த ஆறடி நீளத்தில் எந்தப் பாறையிலும் பச்சையாக ஒரு பொட்டுக்கூட இல்லை.

அவள் பையின் முடிச்சை அவிழ்த்தாள்.