எதிர்த்திசை

ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இருந்தாலும் மேலாளரின் அறையும் துப்புரவுப் பெண்களின் அறையும் தனித்தனி விலான்கள், ஒன்றுக்கொன்று தெரியாத தனி வலைகள். நடுவே வழி போட்டால்தான் பெண்கள் அறைக் கேமரா மேலாளரின் கணினியில் தெரியும். போடச் சொன்னார் மேலாளர் வரதராஜுலு.

“அங்கதான் சார் அவங்க புடவை மாத்துவாங்க.”

“தெரியும்மா. நீ ரூட்டைப் போடு.”

நெட்வொர்க் பார்க்கும் தேன்மொழி ரூட்டைப் போட்டாள். அங்கிருந்து இங்கே பார்க்கும் எதிர்த்திசையை மட்டும் அடைக்கவில்லை.

வேலை முடிந்து வந்த பெண்கள் புடவைப் பையைத் தொடுமுன் ஓடிப்போய் அவர்களுடைய டிவியைப் போட்டாள். அதில் தெரிந்த மேலாளர் அறைக் கேமராக் காட்சியில் அவர் வாயைப் பிளந்தபடி கணினிக்குள் விழுந்துவிடுவதுபோல் குனிந்திருந்தார்.

“சீ! யாரப் பாத்து இந்தாளு இப்படி எச்சி வடிக்கிறான்?” என்றாள் அவர்களில் ஒருத்தியான பவுனு.

தேன்மொழி கூரை மூலையிலிருந்த கேமராவைக் காட்டினாள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

டிவியில் மேலாளரின் வாய் மெல்ல மூடிக்கொண்டது.