ஐநூறு அடி

கல்லூரி மாறிய ஆட்டக்காரர்கள் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும் என்பது விதி. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்காகச் சென்னையை விட்டுக் கோவில்பட்டிக் கல்லூரிக்கு மாறியவள் என்பதால், மாரிச்செல்விக்கு விளையாட்டு வாரியம் விலக்கு தந்திருந்தது. அப்பா நோயாளியாக இருக்கும்வரை அவள் ஹாக்கி ஆடலாம். அவர் மணிக்கட்டில் கட்டிய பட்டை, நடக்கும் அடிகளை எண்ணி வாரியத்துக்குச் சொல்லும். ஒரே நாளில் ஐநூறைத் தாண்டினால் குணமாகிவிட்டார் என்று கணக்கு.

அப்பா பூல்பாண்டி தினமும் நானூறோடு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

லீக் ஆட்டத்தன்று வந்த பிசியோதெரபிஸ்ட் அவர் முழங்காலை மடக்கிப் பார்த்து முகம் சுளித்தார். "எப்பவோ நடந்திருக்க வேண்டிய கால் இது. இந்த மாசமும் இப்படியே விட்டா அப்புறம் நடக்கவே வராது."

அவர் போனதும் மாரிச்செல்வி கேட்டாள். "எத்தன நாளாப்பா இப்படி நானூறோட நிறுத்துறீங்க?"

"மூணு மாசந்தான். பங்குனிக்குள்ள லீக் முடிஞ்சிரும், பெறவு நடக்கேன் தாயி. கால் எங்க ஓடியா போகுது?"

அவள் கோல்கீப்பர் பையைக் கீழே வைத்துவிட்டு அவருடைய செருப்பை எடுத்துவந்து போட்டாள்.

மைதானத்துக்குப் போகும் வழியில், ரயில்வே கேட்டருகே ஐநூறைத் தாண்டியதும் பட்டை அதிர்ந்தது. அவர் நின்றார். அவள் கையை விடவில்லை.

இருவரும் கேலரியில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் எதிரணி கோல் போட்டது.

"நீ நின்னிருந்தா அது உள்ள போயிருக்காது" என்றார் அப்பா.

"போயிருக்காதுதான். திரும்பும்போதும் நடந்துதான் போகணும், பாத்துக்கோங்க."