கூட வரும் இரண்டு பாயிண்ட்

"மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போய்யா!"

டாக்னி போட்ட கூச்சலில் பால்டுரின் கையிலிருந்த காபி தளும்பியது. திரையில் ஸ்லோவாக்கியாவின் பயிற்சியாளர் தோரிர் கோட்டோரமாக இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்துத்தான் இந்த ஆசீர்வாதம்.

பால்டுர் தலைநகர் ரெய்க்யாவிக்கைச் சேர்ந்தவர். மீன் ஆலையில் ஐஸ் மெஷின் பழுது பார்க்க வந்த இடத்தில், புயலில் கப்பல் நின்றுபோய் எங்கள் தீவில் மாட்டிக்கொண்டார். எங்கள் விளையாட்டு மன்றத்தில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. ஜனவரி மாதம் டிவியில் சர்வதேச ஹேண்ட்பால் போட்டி நடக்கும்போது இந்த நாட்டில் அறிமுகத்தை யார் கேட்கிறார்கள்? கருவாட்டுத் தட்டையும் வெண்ணெயையும் நகர்த்தி, டாக்னி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவிட்டோம்.

ஐஸ்லாந்து அணி தன் மூன்று ஆட்டங்களையும் முடித்து, அடுத்த சுற்றுக்குள் நுழைந்தாயிற்று. வெறுங்கையோடு போகிறதா, இரண்டு பாயிண்டோடு போகிறதா என்பதை மட்டும் ஸ்லோவாக்கியாவும் போர்ச்சுகலும் முடிவு செய்துகொண்டிருந்தன. எங்கள் விதியை எழுதுகிற ஆட்டத்தில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. உட்கார்ந்து கருவாடு மெல்லுவதைத் தவிர நாங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

"நாலு டீம்ல ரெண்டுதான் மேலே போகும்," என்று பால்டுர் விரலை மடக்கினார். "நம்மகூட எது வருதோ, அதோட ஆடின கணக்கு மட்டும்தான் கூட வரும். போர்ச்சுகலை ஜெயிச்சோம். அது வந்தா ரெண்டு பாயிண்ட் கையில. ஸ்லோவாக்கியாகிட்ட அடி வாங்கினோம். அது வந்தா ஒண்ணுமில்லை."

"ஸ்லோவாக்கியாவுக்கு ஆட்டம் சமன் ஆனாலே போதும்ப்பா, கோல் கணக்குல உள்ளே வந்துடும்," என்றான் காபி ஊற்றிக்கொண்டிருந்த ஸ்னோரி. "அந்த வயித்தெரிச்சலையும் சேர்த்து எண்ணு."

"வரக் கூடாது!" என்று டாக்னி மேசையைத் தட்டினாள். "தோக்கணும்! இன்னிக்கே தோக்கணும்!"

பால்டுருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தோரிர் உங்க தீவுக்காரர்தானே? சொந்த ஊர் ஆளைப் போய் இப்படி வையறீங்களே!"

"ஊர்க்காரன்னா கொஞ்சணுமா? போன ஜனவரியும் அங்கே, அதுக்கு முந்தின ஜனவரியும் அங்கே. அந்நிய நாட்டுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்துட்டு, நம்ம பாயிண்டைப் பிடுங்குறான்!"

மன்றம் சிரித்தது, கொஞ்சம் தயங்கித்தான். ஸ்னோரி ஒரு கருவாட்டுத் துண்டில் வெண்ணெயைத் தடவி பால்டுரின் கையில் திணித்தான். "நீ தின்னு."

இருபத்தேழுக்கு இருபத்தேழு. அரை நிமிடம் மிச்சம். பந்து ஸ்லோவாக்கியாவிடம். சும்மா கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினாலே அவர்கள் உள்ளே, எங்கள் பாயிண்ட் கடலில். தோரிர் ஓய்வு கேட்டு ஆட்டத்தை நிறுத்தினார். வீரர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள்.

டாக்னி திடீரென்று முன்னால் சாய்ந்தாள். "இடது காதை இழுக்கிறான்."

"யாரு?"

"தோரிர். காதை இழுத்தான்னா புத்தி கெட்டுடுச்சுன்னு அர்த்தம். பாரு, இப்போ கோல்கீப்பரை வெளியே எடுத்துட்டு ஏழாவது ஆளை இறக்குவான். ஜெயிச்சே ஆகணும்பான்."

"பைத்தியமா? சமன் போதுமே!" என்றார் பால்டுர்.

திரையில் கோல்கீப்பர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஏழாவது ஆள் உள்ளே ஓடினான். ஸ்லோவாக்கியாவின் கோல் ஆளில்லாமல் திறந்து கிடந்தது.

பால்டுர் வாயைப் பிளந்தார். "நீங்க ஆட்டக்காரியா?"

"இடது கை ஆட்டக்காரி," என்றான் ஸ்னோரி, அவளைப் பார்க்காமல். "இந்த மன்றத்துக்குப் பத்து வருஷம் ஆடினா."

"அதான் இவ்வளவு துல்லியமா சொல்றாங்க!"

டாக்னியின் கூச்சல் எங்கேயோ போயிருந்தது. "வேண்டாம்," என்றாள் மெதுவாக. "வேண்டாம்யா. கோல்கீப்பரைக் கூப்பிடு."

"ஏன் வேண்டாம்? நமக்கு அதுதானே வேணும்!" என்றார் பால்டுர்.

அதற்குள் ஒரு பாஸ் தவறியது. போர்ச்சுகல்காரன் ஒருவன் பந்தைப் பிடித்து, நின்ற இடத்திலிருந்தே மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எறிந்தான். பந்து இரண்டு தடவை தரையில் குதித்து, காலி கோலுக்குள் நிதானமாக நுழைந்தது. தடுக்க யாருமில்லை. மணி அடித்தது.

மன்றம் எழுந்து குதித்தது. நாற்காலிகள் உருண்டன. பால்டுர் முன்பின் தெரியாத நாலு பேரைக் கட்டிப்பிடித்துவிட்டு டாக்னியிடம் திரும்பினார்.

"ரெண்டு பாயிண்ட்! உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!"

டாக்னி சிரிக்கவில்லை. ஸ்னோரி போய் டிவி சத்தத்தைக் குறைத்தான். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அடங்கினார்கள். இரண்டு பாயிண்ட் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிவது எங்களுக்கே கூச்சமாக இருந்தது. பால்டுருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

திரையில், வீரர்கள் உள்ளே போகிற நடைவழியில் தோரிர் சுவரில் சாய்ந்து நின்றார். வலது காதில் போன். இடது காதைக் கை இழுத்துக்கொண்டிருந்தது.

டாக்னியின் கோட்டுப் பையில் போன் அடித்தது. அவள் கல்யாண மோதிரம் போட்ட கையால் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"காதை விடு, கேமரா உன்னையேதான் காட்டுது. மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வாய்யா."